ப்ராசசர மாத்தறதுக்கு முன்னாடி: 100 சதவீதம்னா எதுல 100 சதவீதம்?

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். மத்தவங்களுக்கும் புரியணும்னு மொதல்ல சுருக்கமா சொல்லிடறேன். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி, ரெண்டு சாக்கெட் ஜியான் சர்வர் (அதாவது இன்டெலோட சர்வர் ப்ராசசர் ரெண்டு), சாக்கெட்டுக்கு 16 கோர் (கோர்னா தனியா வேலை செய்யற பகுதி), மெமரி 128 ஜிபி, லினக்ஸ் போட்டு அதுக்கு மேல மூணு விர்ச்சுவல் மெஷின் (ஒரே சர்வருக்குள்ள தனித்தனி கம்ப்யூட்டர் மாதிரி) ஓடுது, ஒண்ணுல டேட்டாபேஸ். இலை போடற விவசாயிங்களுக்கு மாசக் கடைசில பட்டுவாடா கணக்கு போடறது முன்னாடி 40 நிமிஷத்துல முடிஞ்சிட்டிருந்தது, இப்ப மூணு மணி நேரம் இழுக்குது, சிபியு 100 சதவீதம் காட்டுது, ஆனா எல்லா நாளும் இல்ல, சில நாள் பழையபடி நல்லா ஓடுது. ஹார்டுவேர் ஆளு வந்து பாத்துட்டு இது சாஃப்ட்வேர் பிரச்சனைங்கறாரு, சாஃப்ட்வேர் ஆளு ப்ராசசர் பழசாயிடுச்சு மாத்துங்கங்கறாரு, மாத்த கொட்டேஷனும் வந்தாச்சு.

அந்த கொட்டேஷனுக்கு இப்ப சரின்னு சொல்லிடாதீங்க. ப்ராசசர் பழசானா மெதுவாகும்னு ஒரு பேச்சு இருக்கு, அது தப்பு. மிக்சி மோட்டார் மாதிரி தேய்ஞ்சு வேகம் குறையற சாமான் இல்ல அது. கெட்டுப்போனா மெஷின் தொங்கும், தானா ரீஸ்டார்ட் ஆகும், லாகுல மெஷின் செக் எரர்னு வரும். கெட்டுப்போகாம மெதுவா ஓடுதுன்னா யாரோ அத புடிச்சு வெச்சிருக்காங்க, இல்ல வேற எதுக்கோ காத்திருக்க வெக்கறாங்க, இல்ல தேவையில்லாத வேலையக் கொடுத்திருக்காங்க. இந்த மூணுல எதுன்னு கண்டுபுடிக்கறதுதான் வேலையே. சில நாள் நல்லா ஓடுதுன்னு நீங்களே சொல்றீங்க பாருங்க, அந்த ஒரு வரி போதும், பழசான சாமான் செவ்வாய்க்கிழமை பழசாவும் புதன்கிழமை புதுசாவும் இருக்காது.

நான் குன்னூர்ல இருந்துகிட்டு பதினெட்டு வருஷமா மலை மேல சர்வர் வேலைதான் பாக்கறேன், ஆஸ்பத்திரி, ஸ்கூலு, ரிசார்ட்டு, தேயிலை ஃபேக்டரி எல்லாம் பாத்தாச்சு. இத்தன வருஷத்துல நெஜமாவே ப்ராசசர் கெட்டு மாத்தினது ரெண்டே தடவதான்.

சரி விஷயத்துக்கு வரேன். எந்த ப்ரோக்ராம் எவ்வளவு சிபியு எடுக்குதுன்னு காட்டற டாப் கமாண்டுல 100 சதவீதம்னு காட்டறப்ப எல்லாரும் அத வேகம்னு நெனச்சுக்கறாங்க. அது வேகம் இல்ல, நேரம். அந்த ஒரு செகண்டுல எவ்வளவு நேரம் கோர் சும்மா இல்லாம இருந்ததுங்கற கணக்கு மட்டும்தான். ஒரு ஆளு எட்டு மணி நேரமும் தோட்டத்துல இருந்தான்னு வருகைப் பதிவேடு சொல்லும், எத்தன கிலோ பறிச்சான்னு எடை போட்டாத்தான் தெரியும். ப்ராசசருக்கு எடை போடற தராசு கடிகார வேகம், அதாவது மெகாஹெர்ட்ஸ். உங்க ப்ராசசர் 2100 மெகாஹெர்ட்ஸ்னு வாங்கியிருப்பீங்க, டர்போல, அதாவது தேவைப்படறப்ப தானா வேகம் கூட்டிக்கறதுல, 3000 வரைக்கும் கூட போகும், ஆனா ஏதோ காரணத்துக்காக 800ல ஓடிட்டிருந்தா அப்பவும் டாப்புல 100 சதவீதம்னுதான் காட்டும், பொய்யும் சொல்லல, 800ல நூறு. சாஃப்ட்வேர் ஆளு ஸ்க்ரீனப் பாத்து ப்ராசசர் பத்தலன்னு சொல்றதும் ஒரு வகைல சரி, ஹார்டுவேர் ஆளு டயக்னாஸ்டிக் போட்டு எல்லாம் பாஸ்னு சொல்றதும் சரி, ரெண்டு பேரும் பாக்காத எண்ணு நடுவுல ஒளிஞ்சுகிட்டிருக்கு.

அந்த எண்ணப் பாக்க டர்போஸ்டாட்னு ஒரு சின்ன கருவி இருக்கு, ரூட்டா, அதாவது அட்மின் உரிமையோட, ஓட்டணும், விர்ச்சுவல் மெஷினுக்குள்ள இல்ல, கீழ இருக்கற ஹோஸ்ட்ல. இது முக்கியம், விர்ச்சுவல் மெஷினுக்குள்ள காட்டற மெகாஹெர்ட்ஸ் பெரும்பாலும் பெட்டில ஒட்டின லேபிள் மாதிரி, மாறவே மாறாது, அத நம்பி மோசம் போனவங்க நெறய. டர்போஸ்டாட்ல பிஸி சதவீதம், பிஸி மெகாஹெர்ட்ஸ், டிஎஸ்சி மெகாஹெர்ட்ஸ்னு பத்தி பத்தியா வரும். டிஎஸ்சிங்கறது மாறாத கடிகாரம், கிட்டத்தட்ட வாங்கின வேகத்துல நிக்கும். பிஸி மெகாஹெர்ட்ஸ்ங்கறது வேலை செஞ்ச நேரத்துல உண்மையா ஓடின வேகம். கணக்கு ஓடறப்ப பிஸி டிஎஸ்சிய விட மேல இருந்தா டர்போ நல்லா வேலை செய்யுது, ஹார்டுவேர் பக்கம் பெருசா சந்தேகப்பட வேண்டாம். ரொம்பக் கீழ, 800, 1000னு எல்லா கோருலயும் ஒரே மாதிரி ஒட்டிகிட்டு நின்னா யாரோ கழுத்தப் புடிச்சிருக்காங்கன்னு அர்த்தம். சும்மா இருக்கறப்ப 800 காட்டினா பயப்படாதீங்க, அது கரண்டு மிச்சம் புடிக்கறது, வேலை இருக்கறப்ப என்ன காட்டுதுங்கறதுதான் கேள்வி.

இத நான் ஒரு ராத்திரி உக்காந்து கத்துகிட்டேன். ஆஸ்பத்திரி ஒண்ணு, பேரு வேண்டாம். ரிசப்ஷன்ல பேஷன்ட் பேரு தட்டினா ரெக்கார்டு வர முக்கா நிமிஷம். சாஃப்ட்வேர் கம்பெனி ரெண்டு வாரமா க்வெரிய மாத்தி மாத்தி பாத்துட்டு கைய விரிச்சிட்டாங்க. ராத்திரி ஒம்பது மணிக்கு ஓபி முடிஞ்சதும் உக்காந்தேன். எல்லா கோரும் 800. சூட்டப் பாத்தா 44 டிகிரி, அதாவது சூடே இல்ல. லினக்ஸ்ல வேகத்தத் தீர்மானிக்கற கவர்னர் செட்டிங் பெர்ஃபார்மன்ஸ்லதான் இருக்கு. போர்டோட அடிப்படை சாஃப்ட்வேரான பயாஸ்ல ப்ரொஃபைலும் சரியா இருக்கு. சூடும் இல்லாம, செட்டிங்கும் சரியா இருந்து, ஏன் 800னு மண்டையப் பிச்சுகிட்டேன், ரீபூட்டும் பண்ணிப் பாத்தாச்சு, வந்ததும் அதே 800. ராக்க செவுத்தோட ஒட்டி தள்ளி வெச்சிருந்தாங்க, பின்னாடி கை கூடப் போகாது. மணி பன்னெண்டே கால் இருக்கும், செல்ஃபோன் கேமராவ ஆன் பண்ணி அந்த இடுக்குல விட்டு வீடியோ எடுத்தேன். பாத்தா ரெண்டு பவர் சப்ளைல ஒண்ணு பச்சை, இன்னொண்ணு ஆரஞ்சு. அவ்வளவுதான் விஷயம். பிஎம்சி, அதாவது சர்வர தனியா கண்காணிக்கற குட்டி கம்ப்யூட்டர், அதோட லாகுல போய்ப் பாத்தா மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி இன்புட் போச்சுன்னு பதிவாகியிருக்கு, அதுக்கப்புறம் யாரும் அத திறந்தே பாக்கல.

என்ன நடக்குதுன்னா, ப்ராசசருக்கு ப்ராக்ஹாட்னு ஒரு கால் (பின்) உண்டு. பேரப் பாத்தா சூடானா மட்டும் வேலை செய்யறதுன்னு தோணும், ஆனா அது ரெண்டு பக்கமும் வேலை செய்யற கால், ப்ராசசர் தானே நான் சூடாயிட்டேன்னு வெளிய சொல்லவும் செய்யும், வெளிய இருந்து வேற யாராவது அத இழுத்துப் புடிச்சா ப்ராசசர் ஒரு கேள்வியும் கேக்காம அடிமட்ட வேகத்துக்கு எறங்கிடும். சர்வர் போர்டுல பவர் சப்ளையோட எச்சரிக்கை சிக்னல அது வரைக்கும் கொண்டு போய் இணைச்சிருப்பாங்க. ரெண்டு சப்ளைல ஒண்ணு போயி, மிச்சம் இருக்கற ஒண்ணு தாங்காதுன்னு போர்டுக்குத் தோணிச்சுன்னா மெஷின் மொத்தமா அணைஞ்சு போறத விட மெதுவா ஓடட்டும்னு புடிச்சு வெச்சிரும். நல்ல எண்ணத்துல செஞ்ச ஏற்பாடுதான். ஆனா ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இது சரியாத் தெரியவே தெரியாது, லினக்ஸ் கேட்டது 3000, கெடைச்சது 800, ஏன்னு சொல்ல ஆளில்ல. காலைல சப்ளைய மாத்தினோம், 2900க்கு ஏறிச்சு, ரெக்கார்டு தட்டின உடனே வந்துச்சு.

உங்க ஃபேக்டரிக்கு இத ஏன் இவ்வளவு விரிவா சொல்றேன்னா, சில நாள் நல்லா சில நாள் மோசம்னு சொன்னதுமே எனக்கு மொதல்ல தோணினது கரண்டுதான். இலைய நசுக்கற சிடிசி மெஷினும் இலைய வாட வெக்கற ட்ரஃப் ஃபேனும் ஒண்ணா ஸ்டார்ட் ஆனா லைன்ல வோல்டேஜ் எப்படி விழும்னு உங்களுக்கே தெரியும், ட்யூப்லைட்டே கண் சிமிட்டும். நெறய எடத்துல ஒரு பவர் சப்ளைய யுபிஎஸ்லயும் இன்னொண்ண நேரா லைன்லயும் சொருகியிருப்பாங்க, யுபிஎஸ் போனா லைன் இருக்கும் லைன் போனா யுபிஎஸ் இருக்கும்னு. யோசனை நல்லதுதான், ஆனா லைன் ரொம்பக் கீழ எறங்கறப்ப அந்த சப்ளை கழண்டுக்கலாம், அந்த நேரத்துல மேல சொன்ன கதை நடக்கலாம், லைன் சரியானதும் தானா சரியாயிடும், ஹார்டுவேர் ஆளு மத்தியானம் வந்து பாக்கறப்ப எல்லாம் பச்சையா இருக்கும். அதனால பிஎம்சி லாக எடுங்க, ஐபிஎம்ஐடூல்ங்கற கமாண்டுல செல் லிஸ்ட்னு (ipmitool sel list) போட்டா வரிசையா நேரத்தோட வரும். கணக்கு இழுத்த நாளோட நேரத்தையும் அந்த லாக் நேரத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. பிஎம்சி கடிகாரம் தப்பா ஓடறது சகஜம், அஞ்சரை மணி நேரம் வித்தியாசம் காட்டினா குழம்பாதீங்க, அது யுடிசில, அதாவது உலகப் பொது நேரத்துல, இருக்கு. அதே பிஎம்சில பவர் கேப்னு, அதாவது இத்தன வாட்டுக்கு மேல இழுக்காதேன்னு, ஒரு செட்டிங் இருக்கும், எப்பவோ யாரோ 300 வாட்டுன்னு போட்டு மறந்திருப்பாங்க, அதையும் பாத்துடுங்க.

அடுத்தது சூடு. இங்கதான் மலைக்காரங்க நாம எல்லாரும் தப்பு பண்றோம். வெளிய 14 டிகிரி, ஸ்வெட்டர் போட்டுகிட்டு சுத்தறோம், சர்வருக்கு எதுக்கு ஏசின்னு கேப்பாங்க. குளிர் நெஜம்தான், ஆனா காத்து மெலிசு. ஊட்டி 2240 மீட்டர், அந்த உயரத்துல காத்தோட அடர்த்தி கடல் மட்டத்துல இருக்கறதுல ஏறக்குறைய 80 சதவீதம்தான். ஃபேன் அதே வேகத்துல சுத்தினாலும் அஞ்சுல ஒரு பங்கு காத்து குறைவா போகுதுன்னு வெச்சுக்கலாம், சூட்ட எடுத்துகிட்டுப் போறது காத்தோட எடைதான், கன அளவு இல்ல. இத சர்வர் செய்யறவங்க நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்காங்க, 35 டிகிரி வரைக்கும் தாங்கும்னு சொல்ற வகைல 900 மீட்டருக்கு மேல ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி கழிச்சுக்கன்னு கணக்கு இருக்கு. உங்க ஊரு சுமார் 1800 மீட்டர், அப்ப மூணு டிகிரி கழிச்சா 32. ஊட்டிக்கு முப்பதரை, கொடைக்கானலுக்கு 31 பக்கம். வெளிய 14 இருக்கறப்ப 32 எங்க வரப்போகுதுன்னு கேக்கலாம். சர்வர் ரூம் ட்ரையர் பக்கத்து செவுத்துல இருக்கா, உள்ள யுபிஎஸ் பேட்டரியும் சேத்து பூட்டி வெச்சிருக்கா, அப்ப ஒரு சாதா தெர்மாமீட்டர சர்வரோட முன் பக்கம், காத்து உள்ள போற எடத்துல வெச்சுப் பாருங்க. போன வருஷம் ஒரு ஃபேக்டரில வெளிய மஞ்சு இறங்கிகிட்டிருக்கு, உள்ள 34 காட்டுச்சு.

இன்னொண்ணு தேயிலை ஃபேக்டரிக்கே உரியது. ட்ரையர்லயும் சலிக்கற எடத்துலயும் பறக்கற பஞ்சு மாதிரி தூசி இருக்குல்ல, அது சாதாரண மண்தூசி மாதிரி உதிராது, நார் நாரா பின்னிக்கும். நான் ஒரு சர்வரத் திறந்தப்ப ஹீட்சிங்க் தகடுகளோட முன் விளிம்புல கம்பளித் துணி விரிச்ச மாதிரி பழுப்பா ஒரு படலம், நகத்தால கிள்ளி இழுத்தா முழுசா ஒரே துண்டா வந்துச்சு, கைல வெச்சா நல்ல டீ வாசனை. மேல இருந்து டார்ச் அடிச்சுப் பாத்தா தகடு எல்லாம் சுத்தமாத்தான் தெரிஞ்சது, ஃபேன் பக்கம் இருக்கற விளிம்பப் பாத்தாத்தான் தெரியும். ப்ளோயர் வெச்சு ஊதறப்ப ஃபேன் விசிறிய விரலால புடிச்சுக்கோங்க, சும்மா சுத்த விட்டா பேரிங் போயிடும். சூட்டால வேகம் கொறைஞ்சுதான்னு ஊகிக்கத் தேவையே இல்ல, லினக்ஸ் எண்ணி வெச்சிருக்கு. சிஸ் (/sys) டைரக்டரிக்குள்ள ஒவ்வொரு சிபியுக்கும் கீழ தெர்மல் த்ராட்டில்னு ஒரு ஃபோல்டர், அதுல சூட்டால கோர் எத்தன தடவ வேகத்தக் குறைச்சது, பேக்கேஜ் (மொத்த ப்ராசசர்) எத்தன தடவன்னு எண்ணு இருக்கும். பூட் ஆனதுல இருந்து பூஜ்யமா இருந்தா சூடு காரணம் இல்ல, அந்த கதைய அங்கயே மூடிடலாம். குளிர் வரட்டும்னு ஜன்னலத் திறந்து வெக்கறத மட்டும் செய்யாதீங்க, குளிரோட மஞ்சும் உள்ள வரும், ரெண்டு சீசன்ல மெமரி ஸ்லாட் காலெல்லாம் கறுத்துப்போகும்.

மெமரின்னதும் ஞாபகம் வருது. ஈசிசி மெமரில சின்ன தப்பு வந்தா தானே திருத்திக்கும், நமக்குத் தெரியாது. ஆனா ஒரு மெமரி ஸ்டிக் சரியா உக்காராம நூத்துக்கணக்குல தப்பு வந்துகிட்டே இருந்தா, ஒவ்வொண்ணுக்கும் பயாஸ் உள்ள பூந்து எல்லா கோரையும் ஒரு கணம் நிறுத்தி பதிவு பண்ணும், எஸ்எம்ஐன்னு பேரு. இந்த நிறுத்தம் லினக்ஸ் கண்ணுலயே படாது, ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு அந்த நேரம் காணாமப் போன மாதிரி. டர்போஸ்டாட்ல எஸ்எம்ஐன்னு ஒரு பத்தி இருக்கும், அது ஏறிகிட்டே போனா மெமரிய சந்தேகப்படுங்க, ராஸ்டீமன்னு ஒரு ப்ரோக்ராம் போட்டு வெச்சா எந்த ஸ்லாட்டுன்னே சொல்லிடும். மலை மேல இருக்கறவங்க சிலர் இது காஸ்மிக் கதிரால (விண்வெளில இருந்து வர்ற கதிர்) வர்றதுன்னு சொல்லுவாங்க, உயரத்துல அது கூடத்தான், மெமரில பிட்டு மாறவும் செய்யும், ஊட்டில க்ரேப்ஸ்-3ன்னு அந்த கதிர்களப் புடிக்கறதுக்குன்னே ஒரு ஆராய்ச்சிக்கூடம் இருக்கு, 2014 டிசம்பர் 1ல ஒரு இடிமேகத்துல 130 கோடி வோல்ட் இருந்ததுன்னு அந்த கதிர்கள வெச்சே கணக்கு போட்டவங்க அவங்க, எனக்கு அதுல ரொம்பப் பெருமை. ஆனா கதிர் அடிச்சா இன்னிக்கு ஒரு எடம், அடுத்த மாசம் வேற எடம்னு சிதறி வரும். ஒரே ஸ்லாட்டுல திரும்பத் திரும்ப வந்தா அது வானத்துல இருந்து வரல, அந்த ஸ்டிக்கு. எடுத்துத் துடைச்சு மாத்திப் போடுங்க, தப்பு ஸ்டிக்கோட கூடவே போகுதா ஸ்லாட்டுலயே நிக்குதான்னு பாருங்க.

இதுவரைக்கும் ஹார்டுவேர். கடிகாரம் நல்லா இருக்கு, த்ராட்டில் பூஜ்யம், லாக் சுத்தம்னு வந்தா சாஃப்ட்வேர் பக்கம் போலாம். அங்கயும் 100 சதவீதம்னு ஒரே எண்ணா பாக்காதீங்க. டாப்புல மூணாவது வரில சின்னச் சின்ன எழுத்துல பிரிச்சே காட்டும், யாரும் படிக்கறதில்ல. யுஎஸ்னா உங்க ப்ரோக்ராம் ஓடினது. எஸ்ஒய்னா கர்னல், லினக்ஸோட மையப் பகுதி. டபிள்யூஏன்னா டிஸ்க்குக்காகக் காத்திருந்தது. எஸ்ஐன்னா நெட்வொர்க் மாதிரி சமாசாரம். எஸ்டின்னா திருடு போன நேரம், அதாவது இந்த மெஷின் கேட்டும் ப்ராசசர் கெடைக்காம காத்திருந்தது, விர்ச்சுவல் மெஷினுக்குள்ள பாத்தா மட்டும் அர்த்தம்.

உங்க விஷயத்துல எஸ்டிதான் மொதல்ல பாக்கணும். 32 கோர், ஒரு கோர ரெண்டா காட்டற ஹைப்பர்த்ரெடிங்கோட 64 த்ரெட். மூணு விர்ச்சுவல் மெஷினுக்கும் தாராளமா இருக்கட்டும்னு ஆளுக்கு 32 கொடுத்திருந்தா மொத்தம் 96, இருக்கறதே 64. மூணும் ஒரே நேரத்துல பரபரப்பா இருந்தாத்தான் அடிதடி, இல்லன்னா ஒண்ணும் தெரியாது, சில நாள் நல்லா ஓடறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம், மாசக் கடைசில பேக்கப் மெஷினும் ஓடுதான்னு பாருங்க. இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க, ஒரு கோர்ல ரெண்டு த்ரெட்டுங்கறது ரெண்டு ஆளு இல்ல, ஒரு அடுப்புல ரெண்டு பாத்திரம். 64ல 32 நிரம்பி 50 சதவீதம்னு காட்டறப்பவே பெரும்பாலான சக்தி போயிருக்கும், மிச்ச பாதி கூடுதலா தர்றது வேலையப் பொறுத்து ஒரு 20, 30 சதவீதம்தான்.

லோட் ஆவரேஜ் 40னு பாத்து பயப்படறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். லினக்ஸ்ல அந்த எண்ணுல சிபியுக்கு வரிசைல நிக்கறவங்க மட்டும் இல்ல, டிஸ்க்குக்காக அசையாம நிக்கற ப்ராசஸும் சேரும், டாப்புல டின்னு ஒரு எழுத்து போட்டு காட்டுமே அது. லோட் 40, ஆனா ஐடில் 70 சதவீதம்னா ப்ராசசர் பாவம் சும்மா உக்காந்திருக்கு. இப்படி ஒரு எடத்துல கடைசில பாத்தா டிஸ்க்குகளச் சேத்து நடத்தற ரெய்டு கார்டுல இருக்கற சின்ன பேட்டரி செத்துப்போயிருந்தது. பேட்டரி இல்லன்னா கரண்டு போனா டேட்டா போயிடும்னு கார்டு ரைட் கேஷ, எழுதறத தற்காலிகமா வெச்சுக்கற மெமரிய, அணைச்சிடும், ஒவ்வொரு எழுத்தும் நேரா டிஸ்க்குக்குப் போய்ட்டு வரணும். ஒரு சின்ன பேட்டரிக்குப் பதிலா ரெண்டு பெரிய ப்ராசசர் வாங்க இருந்தாங்க.

எஸ்ஒய் அதிகமா இருந்தா பெர்ஃப் டாப் ஓட்டுங்க, கர்னல் எங்க நேரத்த விடுதுன்னு ஃபங்ஷன் பேரோட காட்டும். கொடைக்கானல்ல ஒரு ஸ்கூல் சர்வர்ல எஸ்ஒய் 60 சதவீதம், ஓட்டிப் பாத்தா மேல நின்னது ரீட் ஹெச்பெட்னு ஒரு பேரு. என்னன்னா லினக்ஸ் வழக்கமா மணி பாக்கறது ப்ராசசருக்குள்ளயே இருக்கற டிஎஸ்சில, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஆயிடும். அது ஒழுங்கா ஓடலன்னு கர்னலுக்கு சந்தேகம் வந்தா அத நம்பாம வெளிய இருக்கற ஹெச்பெட் கடிகாரத்துக்கு மாறிடும், அங்க போய்ட்டு வர பல மடங்கு நேரம். டேட்டாபேஸ் செகண்டுக்கு லட்சம் தடவ மணி கேக்கற ஜாதி, தாங்குமா? டிமெஸ்க்ல, அதாவது கர்னல் எழுதற லாகுல, டிஎஸ்சி அன்ஸ்டேபிள்னு ஒரே ஒரு வரி இருந்துச்சு, அத யாரும் படிக்கல. பயாஸ் அப்டேட் போட்டு, பவர் கார்ட மொத்தமா உருவி ஒரு நிமிஷம் விட்டு ஆன் பண்ணோம், டிஎஸ்சிக்கு வந்துடுச்சு. கடிகாரத்தால ப்ராசசர் திணறும்னா நம்ப மாட்டாங்க, ஆனா 2012 ஜூன் 30ம் தேதி யுடிசி கணக்குல ஒரு லீப் செகண்ட், அதாவது பூமி சுத்தறதோட ஒத்துப்போக கூடுதலா ஒரு செகண்ட், சேத்தப்ப, நமக்கு அது ஜூலை 1 காலைல அஞ்சரை மணி, உலகம் முழுக்க லினக்ஸ் சர்வர்ல ஜாவாவும் மைஎஸ்க்யூஎல்லும் 100 சதவீதத்துக்கு ஏறிச்சு. ஒரே ஒரு செகண்டு, ஒரு ஹார்டுவேரும் கெடல, தேதிய ஒரு தடவ திருப்பி செட் பண்ணினாலே அடங்கிச்சு.

ரெண்டு சாக்கெட் மெஷின்ல நுமாவையும் (எந்த மெமரி எந்த சாக்கெட்டுக்குப் பக்கம்ங்கறது) விடக் கூடாது. உங்க 128 ஜிபி ஒரே குவியல் இல்ல, சாக்கெட்டுக்கு 64னு ரெண்டு குவியல். பக்கத்து சாக்கெட்டோட மெமரியத் தொட்டா ஏறக்குறைய ஒண்ணரை மடங்கு நேரம். டேட்டாபேஸ் மெஷினுக்கு 80 ஜிபி கொடுத்திருந்தா எப்படியும் ரெண்டு பக்கமும் பரவித்தான் ஆகணும், 56 கொடுத்து ஒரு சாக்கெட்லயே கட்டிப்போட்டா அதுவே நல்லா ஓடலாம், குறைச்சுக் கொடுத்து வேகம் கூடினத நான் கண்ணாலப் பாத்திருக்கேன். ஹோஸ்ட் ரீபூட் ஆனப்ப எந்த மெஷின் மொதல்ல ஏறிச்சோ அதப் பொறுத்து பங்கு மாறும், அதனாலயும் ஒரு மாசம் நல்லா ஒரு மாசம் மோசம்னு வரும். நுமாஸ்டாட் போட்டுப் பாருங்க.

அப்டேட் போட்டதுல இருந்து மெதுவாச்சுன்னா 2018 ஜனவரில வெளிய வந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர்ங்கற ப்ராசசர் பாதுகாப்பு ஓட்டைகளுக்கான அடைப்புகளா இருக்கலாம், கர்னலுக்கு அடிக்கடி போய்ட்டு வர்ற வேலை அதுல அடி வாங்கும். அத அணைச்சா வேகம் வரும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, விவசாயிங்களோட பேங்க் கணக்கெல்லாம் அந்த மெஷின்ல இருக்கு. அதே மாதிரி கேடெவ்டிஎம்ப்எஃப்எஸ்ஐ மாதிரி கர்னல் பேரு போல வேஷம் போட்டுகிட்டு ஒரு ப்ராசஸ் எல்லா கோரையும் தின்னா அது திருட்டு மைனிங், உங்க மெஷின்ல வேற யாரோ கிரிப்டோ காசு உருவாக்கறது, கொன்னா திரும்ப வரும், நெட்வொர்க்க உருவிட்டு மெஷினப் புதுசா போடறதுதான் வழி.

கடைசியா ஒரு சாத்தியம். கடிகாரம் 2900, எஸ்டி பூஜ்யம், டபிள்யூஏ பூஜ்யம், யுஎஸ் மட்டும் அதிகம்னு வந்தா டாப்புல 1ங்கற கீய அமுக்கி கோர் கோரா பாருங்க. ஒரே ஒரு கோர் மட்டும் 100, மிச்சமெல்லாம் தூங்குதுன்னா பட்டுவாடா கணக்கு ஒத்தை த்ரெட்ல ஓடுது. அதுக்கு எத்தன கோர் வாங்கிப் போட்டாலும் ஒரு நிமிஷம் கூட குறையாது. பெரும்பாலும் ஏதோ ஒரு டேபிள்ல இன்டெக்ஸ் (தேடறதுக்கான அட்டவணை) இல்லாம விவசாயி ஒவ்வொருத்தருக்கும் மொத்த எடைச்சீட்டையும் முதல்ல இருந்து படிச்சிட்டிருக்கும், சீட்டு கூடக் கூட நேரமும் கூடும். அப்ப சாஃப்ட்வேர் ஆளுதான் உக்காரணும், அவர்கிட்ட கோபமா இல்லாம இந்த எண்ணுகளோட போங்க.

இப்ப நீங்க செய்ய வேண்டியது, இலை நெறய வர்ற ஒரு நாள் சாயங்காலம் ட்ரையரும் சிடிசியும் ஓடறப்ப பட்டுவாடாவ சோதனைக்கு ஒரு தடவ ஓட்டுங்க, ராத்திரி மெஷினெல்லாம் நின்னப்பறம் அதே டேட்டாவ வெச்சு இன்னொரு தடவ ஓட்டுங்க. ரெண்டு தடவயும் ஹோஸ்ட்ல டர்போஸ்டாட்ட அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவ ஃபைல்ல எழுத விடுங்க, டேட்டாபேஸ் மெஷினுக்குள்ள விஎம்ஸ்டாட்ட (யுஎஸ், எஸ்டி எல்லாம் வரிசையா காட்டற கமாண்டு) அதே மாதிரி. பிஎம்சி லாகும் த்ராட்டில் எண்ணிக்கையும் முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு எடுங்க. சர்வர் பின்பக்கம் ரெண்டு லைட்டையும் ஃபோட்டோ எடுங்க, எந்த கார்டு எந்த ப்ளக்குல போகுதுன்னு கையால தடவிப் புடிச்சுகிட்டே போய்ப் பாருங்க, லேபிள நம்பாதீங்க. சாயங்காலம் மூணு மணி நேரம், ராத்திரி 40 நிமிஷம்னு வந்தா கரண்டு, இல்ல சூடு. ரெண்டும் ஒரே மாதிரி இழுத்து, கடிகாரமும் லாகும் சுத்தமா இருந்தா சாஃப்ட்வேர் பக்கம் போங்க.

அதுவரைக்கும் யாரையும் ப்ராசசரக் கழட்ட மட்டும் விடாதீங்க. சாக்கெட்டுக்குள்ள முடி மாதிரி ஆயிரக்கணக்குல பின் இருக்கு, ப்ராசசர ஒரு ஓரமா சாய்ச்சு வெச்சா ரெண்டு வளையும், வளைஞ்சா ஒரு மெமரி சேனலே காணாமப் போகும், போர்டு மாத்தணும். கோயமுத்தூர்ல இருந்து போர்டு வரணும், மழைக்காலத்துல மலைப்பாதைல மண்ணு சரிஞ்சா அது எப்ப வரும்னு உங்களுக்கே தெரியும். அந்த ரெண்டு ஃபைலையும் எடுத்து அனுப்புங்க, உக்காந்து வரி வரியா பாத்துச் சொல்றேன்.